வலது காதில் குளிர்ந்த தண்ணீர்

மேஸ்திரிக்கு இடது தோள்பட்டை விடிந்ததிலிருந்து குடைந்துகொண்டிருந்தது. எலும்புக்கும் சதைக்கும் நடுவில் யாரோ துரப்பணத்தை வைத்துவிட்டு நிறுத்த மறந்துபோன மாதிரி வலி. ஆஸ்பத்திரி வராந்தாவில் போட்டிருந்த இரும்பு நாற்காலி அதற்குத் தோதாக இல்லை. இப்படிச் சாய்ந்தால் முதுகு பிடித்தது, அப்படிச் சாய்ந்தால் தோள் கத்தியது.

"அந்தத் தோளைக் கழட்டி டோக்கன் போட்டு உள்ள அனுப்பிடுங்க மேஸ்திரி. அது வைத்தியம் பார்த்துக்கிட்டு வரட்டும், நாம கேசைப் பார்ப்போம்" என்றாள் கண்டக்டர்.

அவள் உண்மையிலேயே கண்டக்டராக இருந்தவள்தான். பாதி ஆயுளை ஓடும் பஸ்ஸில், எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தே கழித்தவள். வாய் பொறுக்காமல் டிப்போ மேலாளரிடம் ஒரு நாள் நியாயம் கேட்டுவிட்டு வெளியே வந்தாள். வாயை மட்டும் டிப்போவில் ஒப்படைக்காமல் கையோடு எடுத்து வந்துவிட்டாள்.

மேஸ்திரியும் அப்படித்தான். கட்டட வேலையில் மேஸ்திரியாக இருந்தவர். தோள் போன பிறகு பாரம் தூக்க முடியவில்லை. செங்கல்லை விரலால் தட்டிப் பார்த்து வெந்ததா வேகாததா என்று சொல்கிறவர், மனிதர்களையும் அப்படித் தட்டிப் பார்க்கத் தொடங்கினார். வழக்குகளுக்குத் துப்புத் துலக்குகிற அந்த வேலையிலேயே சோறு கிடைத்தது, கண்டக்டரும் அவரிடம் வந்து சேர்ந்தாள். பேர் மட்டும் பழைய பேராகவே நின்றுவிட்டது.

பக்கத்து நாற்காலியில் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தவள் கழுகின் மனைவி. மேஸ்திரிக்கு அவள் தங்கச்சி மாதிரி. கூப்பிடுவதும் அப்படித்தான்.

கழுகு இரும்புச் சாரத்தில் வேலை செய்கிறவன். மேகத்துக்குப் பக்கத்தில் ஒரு முழ அகல உத்தரத்தில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நடக்கிறவன். முன்னொரு காலத்தில் பலகை முறிந்து மேஸ்திரி சரிந்தபோது, மேல் உத்தரத்தில் குப்புறப் படுத்து அவருடைய இடது கையைப் பிடித்துத் தாங்கியவன் அவன்தான். தோள் கழன்றது. உயிர் கழலவில்லை. இன்றைக்குக் குடைகிற வலி அந்தப் பிடியின் மிச்சம்.

இப்போது கழுகின் தலைக்கு மேல் கத்தி. கிரேனில் இறங்கிய உத்தரம் ஆடாமலிருக்க, அதில் கட்டிய கயிற்றை மேலே நின்று பிடித்துக்கொண்டிருந்தான். சிமெண்ட் தூசி கிளம்பியது. கயிறு வெடுக்கென்று இழுபட்டது. இரும்பு ஒரு வீச்சு வீசி, கீழ்த்தட்டில் நின்று கையசைத்துக் கிரேனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த சிக்னல் என்பவனின் வலது கையைத் தூணோடு வைத்து நசுக்கிவிட்டது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கையால் பேசியே பிழைத்தவன் அவன்.

'கழுகு குடித்திருந்தான்' என்றது கம்பெனி. இறங்கி வந்தவனைக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார்களாம், தள்ளாடினானாம். உயரத்தில் ஏறுகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் உள்காதுச் சமநிலையைச் சோதித்துத்தான் ஏற்றுகிறோம், இவன் காது பழுதில்லை என்று ரிப்போர்ட் இருக்கிறது, பழுதில்லாதவன் தள்ளாடினால் குடிதானே காரணம் என்பது அவர்கள் வாதம். குடிகாரன் செய்த வேலைக்குக் கம்பெனி பொறுப்பில்லை, சிக்னலுக்கும் ஒன்றும் கிடையாது. நாளைக்குக் காலையில் விசாரணை.

"குடிக்கல அண்ணே. என் பிள்ளைங்க மேல சத்தியமா அவர் அதைத் தொட்டு வருஷக் கணக்காச்சு" என்று தங்கச்சி மேஸ்திரியிடம் வந்து நின்றாள். கழுகோ, "கயிறு ஈரம் மேஸ்திரி, வழுக்கிடுச்சு" என்றான்.

இரண்டையும் மேஸ்திரி நம்பினார். ஆனால் நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒன்றைப் பார்த்தார். கழுகு புழக்கடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். சோப்பு நுரை கண்ணில் பட்டுக் கண்ணை மூடியதும், நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றான். சுவர் இல்லாவிட்டால் ஆள் தொட்டிக்குள் போயிருப்பான். மேகத்தில் நடக்கிறவனுக்கு முகம் கழுவச் சுவர் எதற்கு?

'ரிப்போர்ட்டில் கம்பெனி கை வைத்திருக்கிறது' என்று மேஸ்திரி முடிவுகட்டினார். அதைத் தட்டிப் பார்க்கத்தான் இந்த வராந்தா.

டெக்னீஷியன் கதவைத் திறந்தாள். நடுத்தர வயது. தூக்கிச் செருகிய கொண்டை. பேச்சில் நீட்டல் குறுக்கல் இல்லை. கழுகு தரப்பு வக்கீல் வாங்கிக்கொடுத்த அனுமதிக் காகிதத்தைப் படித்துப் பார்த்து மேசை மேல் வைத்தாள்.

"ரிப்போர்ட் பொய்யின்னு சொல்ல வந்திருக்கீங்களா?"

"பொய்யா இருக்குமான்னு கேட்க வந்திருக்கோம்" என்றார் மேஸ்திரி.

"இந்தச் சோதனையில நோயாளி பொய் சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது. கண்ணுதான் பேசும்."

"எங்க ஊட்டுக்காரர் கண்ணு பேசினா பொய்தாம்மா வரும்" என்றாள் கண்டக்டர்.

டெக்னீஷியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களே வாங்க. பேசிக் காட்டறதைவிடச் செஞ்சு காட்டறது சுலபம்."

கண்டக்டரை ஸ்டூலில் உட்காரவைத்து, இரண்டு கையாலும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். "என் மூக்கையே பாருங்க. என்ன ஆனாலும் மூக்கை விடாதீங்க." சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலையை வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்பினாள். கொஞ்சம்தான் திருப்பம், ஆனால் மின்னல் வேகம். கண்டக்டரின் கண் ஆணி அடித்த மாதிரி மூக்கிலேயே நின்றது.

"பார்த்தீங்களா? தலை ஒரு பக்கம் போனா, உள்காது கண்ணை அதே வேகத்துல மறுபக்கம் தள்ளும். அதனாலதான் நாம நடக்கும்போது உலகம் குலுங்கறதில்ல. அந்த உறுப்பு செத்துட்டா கண்ணும் தலையோடவே போயிடும். அப்புறம் 'அடடா, மூக்கை விட்டுட்டோமே'ன்னு திரும்ப ஓடி வரும். அந்த ஓட்டத்தை வெறுங்கண்ணாலயே பார்க்கலாம்."

"அடுத்து?"

"அடுத்தது தண்ணி. காதுக்குள்ள குளிர்ந்த தண்ணி விட்டா, தலை சுத்துதுன்னு உள்காது ஏமாந்து போகும். கண்ணு ஆட ஆரம்பிச்சிடும். செத்த காதுல எவ்வளவு ஊத்தினாலும் ஒண்ணும் நடக்காது. ஒவ்வொரு காதுலயும் குளிர்ந்ததும் விடுவோம், வெதுவெதுப்பானதும் விடுவோம்."

"எனக்கு விடுங்க" என்று கண்டக்டர் புடவையை இழுத்துச் செருகினாள். "மலைப்பாதை பஸ்ஸுல வளைவுக்கு வளைவு நின்னவ நான். என்னைச் சுத்தவைக்கற தண்ணி இன்னும் குழாய்ல வரல."

டெக்னீஷியன் விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தாள். "சவ்வு நல்லா இருக்கு. டீ குடிச்சீங்களா இன்னைக்கு?"

"குடிக்காம யார் உசுரோட இருக்கா?"

"சோதனைக்கு வர்றவங்க ரெண்டு நாள் முன்னாடியிலேருந்தே டீ, காபி, சாராயம் எதையும் தொடக் கூடாது. வயித்தையும் காலியா வெச்சிருக்கணும். உங்களுக்கு வேடிக்கைக்குத்தானே, பரவாயில்ல. வாளி பக்கத்துல இருக்கு."

"வாளி எதுக்கு?"

"தெரியும்."

கட்டிலில் தலையைச் சற்று உயர்த்திப் படுக்கவைத்தாள். முகத்தின் பாதியை மறைக்கிற கறுப்பு மூடுகண்ணாடியை மாட்டினாள். உள்ளே கேமரா. பக்கத்துத் திரையில் கண்டக்டரின் இரண்டு கண்ணும் தொட்டி மீன் மாதிரி பெரிதாக, சாம்பல் நிறத்தில் தெரிந்தன. வலது காதில் தண்ணீர் போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கண்மணிகள் மெல்ல ஒரு பக்கம் வழுக்கிப் போய், வெட்டென்று துள்ளித் திரும்பின. மறுபடி வழுக்கல், துள்ளல். வேகம் ஏறியது.

"ஐயோ... டிரைவர்... வண்டிய நிறுத்து!" என்று கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் கண்டக்டர்.

"பேசுங்க, பேசிக்கிட்டே இருங்க. மனசு தூங்கிட்டா கண்ணு நின்னுடும்" என்று டெக்னீஷியன் குரலை உயர்த்தினாள். "வீட்டுல யார் யார் இருக்கீங்க? நிறுத்தாம சொல்லுங்க."

"நான்... வீட்டுக்காரர்... பொண்ணு... பூனை..."

"இன்னும்?"

"பூனைக்குட்டி... அவ்வளவுதான்... அம்மாடி..."

மேஸ்திரி குனிந்து கேட்டார். "மாமியார் எங்க? போன வாரம் வீட்டுல படுத்த படுக்கையா இருக்காங்கன்னு லீவு வாங்கினியே?"

"மாமியார் சின்ன மகன் வீட்டுக்குப் போய் ஒரு வருஷம்... அடப்பாவி மேஸ்திரி! சுத்தும்போது கேட்கறியே!"

சுற்றல் அடங்கி, வாளிக்கு இரண்டு தடவை மரியாதை செய்துவிட்டு அவள் எழுந்து உட்காரக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தாலும் புத்தி அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. உலகம் சுழலும்போது மனுஷனால் பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. உண்மைக்கு ஞாபகம் வேண்டியதில்லை, அது தானாக வருகிறது.

"எல்லாரையும் இப்படித்தான் பேசவைப்பீங்களா?"

"எல்லாரையும். அவர் பேசினாரா, தூங்கிட்டாரான்னு டாக்டருக்குத் தெரியணுமில்ல? குரலும் பதிவாகும்."

"கழுகைச் சோதிச்ச பதிவு இருக்கா?"

அதைத் தேடிக்கொண்டே டெக்னீஷியன் தங்கச்சியிடம் கேட்டாள். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன தொந்தரவும்மா?"

"தொந்தரவுன்னு அவர் சொன்னதில்ல. ஆனா கரண்ட் போனா எழுந்திருக்க மாட்டார். தெருவுல நடக்கும்போது தெரிஞ்சவங்க எதிர்ல வந்தாலும் கண்டுக்காமப் போறார். நின்னு பார்த்தா அடையாளம் தெரியுது. தலைக்கனம் ஏறிடுச்சான்னு திட்டினேன்."

டெக்னீஷியனின் கை கம்ப்யூட்டர் மவுஸ் மேல் நின்றது. "தலைக்கனம் இல்லம்மா. நடந்தா அவருக்கு உலகமே குலுங்குது. எதிர்ல வர்ற முகம் தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி ஆடும். நின்னாத்தான் தெளியும். எப்பலேருந்து?"

"கால்ல ஆணி குத்திப் புண்ணு அழுகி, கம்பெனி டாக்டர்கிட்ட ஊசி மேல ஊசியாப் போட்டாங்க. அதுக்கப்புறம். இங்க சோதனைக்கு வர்றதுக்கு முன்னாடியே."

"முன்னாடியேவா?"

"ஆமா."

"சில ஊசி மருந்து இருக்கு. கேட்கற சக்தியை விட்டுட்டு, சமநிலையை மட்டும் தின்னுட்டுப் போயிடும். நீங்க சொல்றது ரெண்டு காதும் செத்தவர். ஆனா நான் சோதிச்சது..."

அவள் பதிவை ஓடவிட்டாள்.

திரையில் இரண்டு கண்கள். தண்ணீரின் சரசரப்பு. வழுக்கல், துள்ளல், வழுக்கல், துள்ளல். உயிருள்ள காது, சந்தேகமே இல்லை. டெக்னீஷியனின் குரல்: 'வீட்டுல யார் யார்? உறவைச் சொல்லுங்க, நிறுத்தாதீங்க.' பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற ஆண் குரல், பாதி முனகலாக:

'அக்கா... அக்கா பையன்... அக்கா பொண்ணு... மாமா... சுத்துது அக்கா...'

"எல்லாரும் என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க. அதனால நான் காதுல வாங்கல" என்றாள் டெக்னீஷியன், மெதுவாக.

கழுகுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை. அவன் வீட்டில் இருப்பது மனைவி, மகன், மகள். பிறகு மனைவியின் தம்பி. ஒரே வீடுதான், அதே ஆட்கள்தான். ஆனால் எண்ணியவன் வேறு பாயில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான்.

மேஸ்திரி திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"அது என் தம்பி" என்றாள் தங்கச்சி. "இன்னொரு தடவை போடுங்க."

போட்டாள்.

"ஊஞ்சல்ல உட்கார வெச்சாலே வாந்தி எடுப்பான். அதனாலதான் அவனைச் சாரத்துல ஏத்தாம கீழயே சுமை கட்டற வேலையில போட்டாரு இவரு." அவள் குரலில் ஈரமே இல்லை. காய்ந்த சாந்து மாதிரி இருந்தது. "எங்கம்மா செத்தப்ப அவன் இடுப்புல இருந்தான். இறக்கிவிடாமலே வளர்த்தேன் அண்ணே."

"உங்களுக்கு ஆள் மாறினது தெரியலையா?" என்று கண்டக்டர் டெக்னீஷியனைக் கேட்டாள்.

"வேன்ல ஒரு கூட்டத்தை அனுப்புவாங்க. ஹெல்மெட்டுல எண் இருக்கும், எண்ணைக் கூப்பிடுவோம், எழுந்து வர்றவரைப் படுக்கவைப்போம். எனக்கு முகம் ஞாபகம் இருக்காது, கண்ணுதான் இருக்கும்." பதிவை நிறுத்தினாள். "என் பிழையும் இதுல இருக்கு. நாளைக்கு வந்து சொல்றேன்."

தெருவில் வெயில் ஏறியிருந்தது. தங்கச்சி முன்னால் போனாள். செருப்பு தேய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"கம்பெனிக்காரன் வாலை விலைக்கு வாங்கிட்டான்" என்றார் மேஸ்திரி. தங்கச்சியின் தம்பிக்கு வால் என்று பேர். அக்கா கல்யாணத்திலிருந்து மாமாவின் பின்னாலேயே சுற்றுகிறவன். "கழுகு காது செத்தது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. வெளிய வந்தா ஊசி போட்ட கதையும் சேர்ந்து வரும். நல்ல காது ஒண்ணை வாடகைக்கு எடுத்திருக்காங்க."

கண்டக்டர் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தாள். இன்னும் கால் நேராகப் படவில்லை அவளுக்கு.

"என்ன, வாய் அடைச்சுப் போச்சு?"

"எனக்கு ஒரு காதுல, ஒரு தடவைதான் ஊத்தினாங்க மேஸ்திரி. குடல் வாய்க்கு வந்துடுச்சு. ஊஞ்சலைக் கண்டாலே வாந்தி எடுக்கறவன், ரெண்டு காதையும் கொடுத்து, குளிர்ந்ததும் வெந்நீருமா அத்தனையும் வாங்கிக்கிட்டுப் படுத்திருக்கான். காசுக்கு ஒரு காதைக் கொடுக்கலாம். இந்த அளவுக்குக் கொடுக்கணும்னா பாசம் வேணும்."

மேஸ்திரியின் தோள் மறுபடி ஒரு திருகு திருகியது.

வீட்டில் இருவரும் இருந்தார்கள். கழுகு கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். உட்கார்ந்தால் அவனுக்கு எழுத்து ஆடுவதில்லை. வால் வாசல்படியில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தான்.

தங்கச்சி யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நேராக அடுப்படிக்குப் போனாள்.

மேஸ்திரி நின்றபடியே சொன்னார். "வாலு, உன் குரலைக் கேட்டோம். 'அக்கா, அக்கா பையன், அக்கா பொண்ணு, மாமா.' நல்லா எண்ணினே. உன்னை எண்ணத்தான் மறந்துட்டே."

வாலின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஒரு கணம் மாமாவைப் பார்த்தான். உடனே பார்வையைப் பிடுங்கித் தரையில் நட்டான்.

"ஆமா. நான்தான் போனேன். சூப்பர்வைசர் சொன்னாரு, போனேன். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"அடப்பாவி!" என்று கழுகு பேப்பரை எறிந்தான். "என் சோத்தைத் தின்னுட்டு..."

சரியான இடத்தில் சரியான கோபம். கழுகின் கோபத்தை மேஸ்திரி பல தளங்களில் பார்த்திருக்கிறார். அவனுக்குக் கோபம் வந்தால் முதலில் கை எழும்பும், வாய் அப்புறம்தான். இன்றைக்குக் கை கட்டிலிலேயே இருந்தது. வெந்த செங்கல் ஒரு மாதிரி ஒலிக்கும், வேகாதது வேறு மாதிரி.

தங்கச்சி டீ கொண்டுவந்தாள். மேஸ்திரிக்கு, கண்டக்டருக்கு, புருஷனுக்கு, கடைசியாகத் தம்பிக்கு. வால் டம்ளரை வாங்கி, தப்பித்தோம் என்பதுபோல ஒரு மடக்குக் குடித்தான்.

"இன்னைக்குக் குடிக்கற" என்றாள் தங்கச்சி. "வேன் வந்த அன்னைக்குக் காலையில ஏன்டா வேணாம்னே?"

வால் டம்ளரை இறக்கினான்.

"வயிறு சரியில்லக்கா, டீ வேணாம், சாப்பாடும் வேணாம்னே. முந்தின நாளும் தொடல. டீ இல்லைன்னா தலைவலின்னு ஊரைக் கூட்டறவன். காய்ச்சலான்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன்." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "சோதனைக்குப் போக வேண்டியது நீங்க. டீயை விட வேண்டியது நீங்க. நீங்க உங்க டம்ளரைக் குடிச்சீங்க. 'அவனுக்கு வேணாம்னா வீணாக்குவானேன்'னு அவன் டம்ளரையும் எடுத்துக் குடிச்சீங்க. ரெண்டு பேரும் பார்த்துச் சிரிச்சுக்கிட்டீங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன். எதுக்குன்னு தெரியாம சிரிச்சேன்."

மேஸ்திரி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். கம்பெனியைப் பிடிக்க வலை வீசி, வாலைப் பிடித்து, கடைசியில் வலையில் கிடப்பது யார்?

"கழுகு, என் மூக்கைப் பாரு."

"எதுக்கு மேஸ்திரி?"

"பாருடா."

கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டு அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. டெக்னீஷியன் செய்தமாதிரியே, கொஞ்சமாக, வெடுக்கென்று திருப்பினார். கழுகின் கண் தலையோடு போனது. போய், வழி தவறினதை உணர்ந்து, மூக்குக்குத் திரும்ப ஓடி வந்தது. மறுபக்கம் திருப்பினார். அதே ஓட்டம்.

"கயிறு ஈரம்னு என் கண்ணைப் பார்த்துச் சொன்னியேடா."

கழுகு தலையை விடுவித்துக்கொண்டான். பேசியபோது குரலில் வீம்புதான் இருந்தது.

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? காது செத்துப் போச்சுன்னு காகிதத்துல எழுதிட்டா அப்புறம் நான் யாரு? கீழ நின்னு செங்கல் எண்ணவா? கண்ணு இருந்தாப் போதும், கண்ணாலயே நின்னுக்கலாம்னு பார்த்தேன். நின்னேன். ஒண்ணும் ஆகல. அன்னைக்குத் தூசி கண்ணுல அடிச்சுது. கண்ணை மூடினேன். மூடினதும் மேல எது, கீழ எதுன்னு தெரியல. கையில இருந்தது கயிறுதான். இழுத்துப் பிடிச்சுட்டேன்."

"பிடிச்சதுல ஒருத்தன் கை போச்சு."

"வேணும்னு செய்யல."

"தெரியும். ஆனா கம்பெனி குடிகாரன்னு சொன்னப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தியே, அது வேணும்னு செஞ்சது. உன் பொண்டாட்டி, பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணிக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்கினா. அதையும் பார்த்துக்கிட்டு இருந்தே."

"குடிகாரன்னே சொல்லிக்கட்டும்!" கழுகு கத்தினான். "குடிகாரன் ஒரு நாள் தெளிவான். தெளிஞ்சா மறுபடி மேல ஏறலாம். செத்த காதுக்கு எந்த ஊர்ல வேலை கொடுக்கறான்?"

தங்கச்சிக்கு அதுதான் சுட்டது. அவன் குடிக்கவில்லை என்று அவள் நின்ற அத்தனை வாசல்களிலும், அவன் குடித்ததாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

"உங்களைக் குடிகாரன்னு சொன்னவங்க கூட எல்லாம் சண்டை போட்டேன்" என்றாள். "சிக்னல் பொண்டாட்டி கூடவும் போட்டேன். கை போனவன் வீட்டு வாசல்ல நின்னு, நீங்க பொய் சொல்றீங்கன்னு கத்திட்டு வந்தேன்."

"அக்கா..." என்றான் வால்.

"அந்த வார்த்தையை இன்னைக்குக் கேட்டாச்சுடா. போதும்."

கழுகு மேஸ்திரியின் கையைப் பிடித்தான். "நாளைக்கு நீங்க ஒண்ணும் பேசாம இருந்தாப் போதும். கயிறு ஈரம்னு வக்கீல் பார்த்துப்பார். மேஸ்திரி, உங்ககிட்ட நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல."

உண்மைதான், கேட்டதில்லை. இப்போதுதான் கேட்கிறான். கேட்கிற உரிமை உள்ளவன்.

"பேசுவேன்" என்றார் மேஸ்திரி. "நீ குடிக்கலன்னு சொல்லுவேன். உன் காது எப்படிச் செத்துதுன்னு சொல்லுவேன். யார் யாருக்குப் பதிலா படுத்தாங்கன்னும் சொல்லுவேன். குடி இல்லைன்னு ஆனாத்தான் சிக்னலுக்கு வழி பிறக்கும்."

"வாலுக்கு வேலை போகும். எங்க ரெண்டு பேரையும் உள்ள தள்ளுவாங்க."

"தள்ளலாம்."

கழுகு கையை உதறினான். "அன்னைக்கு நான் உங்க கையை விட்டிருக்கணும்."

மேஸ்திரி எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. "விட்டிருக்கலாம். விடல" என்றார்.

தங்கச்சி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போறே?" என்றார் மேஸ்திரி.

"சிக்னல் வீட்டுக்கு. நாளைக்கு அவங்க விசாரணையில கேட்கறதுக்கு முன்னாடி என் வாயால கேட்கணும்." புருஷனையோ தம்பியையோ பார்க்காமல் படியிறங்கினாள். வால் எழுந்தான், மாமாவைப் பார்த்தான், அக்கா போன திசையைப் பார்த்தான். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றான்.

தெருமுனை வரைக்கும் கண்டக்டர் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அது பெரிய தூரம்.

"தோள் எப்படி இருக்கு மேஸ்திரி?"

"வலிக்குது."

"அவருக்கு நீங்க..."

"ஆமா" என்றார் மேஸ்திரி. வலது கையால் இடது தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஓர் உயிர் பாக்கி. இன்னும் கொடுக்கல."